மரப் பலகையில் இறங்கிய மாலைச் சூரியன்!

வீட்டில் செய்த கிட்டாருக்கு 'சன்பர்ஸ்ட்' நிறம் அடிப்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூருக்கு அருகே, மலை அடிவாரத்தில் காமராஜர் அணை இருக்கிறது. மேற்கே நீண்ட மலைத்தொடர். மாலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னே இறங்கும். அந்த நேரத்தில் வானத்தைப் பாருங்கள். சூரியனை ஒட்டி மஞ்சள். அதைச் சுற்றிச் செம்மஞ்சள். அதற்கு வெளியே சிவப்பு. கடைசியில் கருமை. மஞ்சள் எங்கே முடிந்தது? சிவப்பு எங்கே தொடங்கியது? கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது!

இதே வானத்தை ஒரு மரப் பலகையின் மேல் இறக்கி வைத்திருக்கிறார்கள் கிட்டார் செய்பவர்கள். நடுவே மஞ்சள், சுற்றிலும் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. இதற்கு 'சன்பர்ஸ்ட்' என்று பெயர். மேகத்தைப் பிளந்துகொண்டு சூரிய ஒளி வெளிப்படுவதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். நாம் சுருக்கமாகச் 'சூரிய நிறம்' என்று வைத்துக்கொள்வோம்.

இது பெரிய தொழிற்சாலையில் மட்டும் நடக்கக்கூடிய வேலையா? இல்லை. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் இருக்கிற அதே கருவிதான் இதற்கும் வேண்டும். ஆனால் ஒன்று. மாதக்கணக்கில் இழைத்த மரம் பத்து நிமிட அவசரத்தில் கெட்டுப் போகலாம். மரம் கெட்டால் மீண்டும் இழைக்கலாம். மூச்சு கெட்டால்? ஆகவே இந்த வேலையை முறையாகத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும்.

குடம் இல்லாத கிட்டார்

வீணைக்குக் குடம் உண்டு. சாதாரணக் கிட்டாருக்கு வயிறு போன்ற பெட்டி உண்டு. கம்பி அதிரும்போது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அதிரும். அதனால் ஓசை பெருகும்.

மின்சாரக் கிட்டாருக்கு இந்தப் பெட்டி தேவை இல்லை. கெட்டியான பலகையே போதும்! அதன் கம்பிகள் எஃகால் ஆனவை. கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். இதற்குப் 'பிக்கப்' என்று பெயர். எஃகுக் கம்பி காந்தத்தின் மேல் அதிர்ந்தால் செம்புச் சுருளில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிகிறதே, அதே தத்துவம்தான். 1831-ல் மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டுபிடித்தது. அந்தச் சிறிய மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும். ஒலிபெருக்கி அதை ஓசையாக்கும்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மின்சாரக் கிட்டார்களில் ஒன்று வட்டமான உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்தது. பார்த்தவர்கள் 'வாணலி' என்று கேலி செய்தார்கள். கேலிப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது!

நம் நாட்டிலும் இந்த மின்சார வித்தை நல்ல பலன் தந்தது. கிட்டாரின் தம்பி போன்ற மாண்டலினை மின்சார வாத்தியமாக மாற்றி, அதில் கர்நாடக இசை வாசித்து உலகப் புகழ் பெற்றார் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014). சிறுவனாக அவர் மேடையேறியபோது வியக்காதவர்கள் இல்லை.

உடல் வெறும் பலகைதான் என்பதால், மின்சாரக் கிட்டாரைத் தச்சு வேலை தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்துவிட முடியும். பிக்கப், கம்பி முறுக்கும் சாவிகள், கம்பிகள் ஆகியவற்றைக் கடையில் வாங்கலாம். கழுத்துப் பகுதியைத் தயாராகவே வாங்குபவர்களும் உண்டு.

அப்பாவும் மகனும் செய்த கிட்டார்

"வீட்டில் செய்ததா? அது எங்கே உருப்படப் போகிறது?" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்காகவே ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

1963-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பிரயன் மே என்ற 16 வயதுப் பையன். அவனுக்கு மின்சாரக் கிட்டார் மேல் ஆசை. கடையில் வாங்கப் பணம் இல்லை. அப்பா ஹரால்ட் மின்னணுத் துறையில் வேலை செய்தவர். கைவேலையில் கெட்டிக்காரர். "நாமே செய்வோம்" என்று இருவரும் இறங்கினார்கள்.

குளிருக்குத் தீ மூட்டும் கணப்பு அடுப்பைச் சுற்றி அந்த ஊர் வீடுகளில் மரச்சட்டம் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பழைய சட்டத்திலிருந்து கிட்டாரின் கழுத்தைச் செதுக்கினார்கள். அதில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் சொருகி அடைத்தார்கள்! பழைய மேஜையின் ஓக் மரம் உடலுக்குப் பயன்பட்டது. கம்பியின் இழுவையைத் தாங்கப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். கழுத்தில் இடம் காட்டும் வெள்ளைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பித்தான்கள். ஒரு கைப்பிடியின் நுனிக்கு ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை!

வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பையன் பிறகு 'குவீன்' என்ற இசைக்குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி ஒரு பார்சி. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளியில் படித்தவர். உலக மேடைகளில் ஒலித்தது அந்த வீட்டுக் கிட்டார்தான். 2002-ம் ஆண்டு, ராணி எலிசபெத் அரியணை ஏறியதன் பொன்விழாவில், லண்டன் அரண்மனைக் கூரையின் மேல் நின்று பிரயன் மே அதை வாசித்தார். 2007-ல் வானியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அந்தக் கிட்டாருக்குச் சூரிய நிறம் அடிக்கவில்லை. மரத்தின் செந்நிறமே தெரியும்படி, தெளிவான பூச்சை மட்டும் கொடுத்தார்கள். வீட்டுப் பலகையும் பேர் வாங்கும் என்பதற்கு இந்தச் சாட்சி போதாதா?

சூரிய நிறம் வந்த வழி

பழைய வயலின்களை உற்றுப் பாருங்கள். கை படும் இடங்களில் வார்னிஷ் தேய்ந்து வெளிறியிருக்கும். ஓரங்களிலும் மூலைகளிலும் கருமையாக இருக்கும். பழமையின் அழகு அது. புதிய வாத்தியத்திலும் அந்த அழகைக் காட்ட விரும்பிய கைவினைஞர்கள் ஓரத்தைக் கருமையாக்கி, நடுவை வெளிச்சமாக விட்டார்கள். அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 1922-ல் வெளியிட்ட உயர்ந்த மாண்டலினுக்கு இப்படி நிறம் கொடுத்து, இத்தாலியின் வயலின் நகரமான 'கிரிமோனா'வின் பெயரையே அந்த நிறத்துக்கு வைத்தது.

பிறகு மின்சாரக் கிட்டார் வந்தது. 1954-ல் ஃபெண்டர் கம்பெனியின் 'ஸ்ட்ராட்டகாஸ்டர்' இரண்டு வண்ணச் சூரிய நிறத்தில் வந்தது: மஞ்சள், ஓரத்தில் கறுப்பு. 1958-ல் இடையே சிவப்பையும் சேர்த்தார்கள். அதே 1958-ல் கிப்சன் கம்பெனியும் தன் 'லெஸ் பால்' கிட்டாருக்குப் பொன்னிறத்தை விட்டுச் செந்நிறச் சூரிய நிறம் கொடுத்தது.

வெளுத்துப் போன சிவப்பு!

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தச் சிவப்புச் சாயம் வெளிச்சத்தைத் தாங்கவில்லை! கடையின் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி வைத்த கிட்டார்களில் சிவப்பு மெல்ல மெல்ல மறைந்தது. சில தேன் நிறமாயின. சில தேநீர் நிறமாயின. சில எலுமிச்சைப் பழம் போல் ஆகிவிட்டன. ஃபெண்டரின் ஆரம்ப காலச் சிவப்புக்கும் இதே கதி.

சாயம் போவது என்றால் என்ன என்று ஆத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற சின்னாளபட்டி இந்த ஆத்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது. நல்ல சேலையை நிழலில் உலர்த்து என்று பெண்கள் ஏன் சொல்கிறார்கள்? சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. அவை சாயத்தின் மூலக்கூறுகளை உடைத்துவிடுகின்றன. உடைந்த சாயம் நிறம் காட்டாது. சேலைக்கும் இதே விதி, கிட்டாருக்கும் இதே விதி.

அந்தச் செந்நிற லெஸ் பால் கிட்டார்கள் அப்போது சரியாக விற்கவில்லை. 1960-ல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் செய்தது சுமார் 1,500 இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு. பிறகு புகழ்பெற்ற கலைஞர்கள் சிலர் அதை வாசிக்க, எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றின் விலை சில லட்சம் டாலர்! வெளுத்த நிறமே அதற்கு அழகு என்கிறார்கள். ஆனால் நாம் அடிக்கும் சிவப்பு வெளுக்க வேண்டாம். வெளிச்சம் தாங்கும் சாயம் எது என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. கிட்டாரை வெயில் விழும் ஜன்னலோரம் மாட்டாமல் இருப்பது அதைவிட நல்லது.

எந்த மரம் நல்லது?

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுகிறது. அந்தப் பலாவின் வைரத்தில் இயற்கையாகவே மஞ்சள் சாயம் உண்டு. இலங்கை, பர்மா போன்ற நாடுகளில் புத்த பிக்குகளின் காவி உடைக்கு இந்தச் சாயத்தையே பயன்படுத்தி வந்தார்கள். ஆகவே பலாப் பலகையில் சூரிய நிறம் அடிப்பவருக்கு நடு மஞ்சள் பாதி இனாமாகக் கிடைக்கிறது! ஆனால் காலப்போக்கில் பலா தானாகவே பழுப்பாக மாறும். அதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பெயிண்ட் சில சமயம் ஒட்டாது. அடிப்பதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தின் மேல் அடித்த பூச்சு பின்னால் வெடிக்கும்.

முடிச்சும் கறையும் உள்ள மரத்துக்கும் சூரிய நிறம் கைகொடுக்கும். குறை ஓரத்தில் இருந்தால் கறுப்பு அதை மறைத்துவிடும். நடுவில் இருந்தால் மறைக்க வழி இல்லை. ஆகவே பலகையை அறுக்கும் முன்பே அழகான ரேகை நடுவில் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சிலிருந்து பெயிண்ட்

கிட்டாருக்குப் பழைய நாளில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மரச்சாமான் கடைகளில் 'என்.சி. லாக்கர்' என்று கேட்டால் கிடைக்கும். இது எதிலிருந்து வருகிறது தெரியுமா? பருத்திப் பஞ்சிலிருந்து! பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் இந்தப் பொருள் கிடைக்கும். பக்குவம் கொஞ்சம் மாறினால் அதுவே வெடிமருந்து. பழைய நாளின் சினிமாப் படச்சுருளும் இதே இனம். அந்தச் சுருள்கள் தீப்பிடித்து எத்தனையோ படங்கள் சாம்பலாயின.

1920-களில் அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி இதிலிருந்து 'டியூகோ' என்ற கார் பெயிண்ட்டைச் செய்தது. அதற்கு முன் காருக்கு அடித்த பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். டியூகோ மிக விரைவில் காய்ந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் வண்டிப் பெயிண்ட்டை 'டூக்கோ' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயர் இங்கிருந்துதான் வந்தது. ஃபெண்டர் கம்பெனியும் ஒரே வண்ணக் கிட்டார்கள் பலவற்றுக்கு இந்தக் கார் பெயிண்ட்டையே அடித்தது. ஆக, லாரிப் பட்டறையும் கிட்டார்ப் பட்டறையும் தூரத்து உறவு!

எல்லாம் புள்ளிகளின் வித்தை

தூரிகையால் சூரிய நிறம் வராதா? சாயத்தைத் துணியில் தொட்டுத் தேய்த்துச் செய்பவர்கள் உண்டு. ஆனால் பனி போல் மெல்லக் கரையும் ஓரம் வேண்டுமானால் ஸ்பிரே கன் வேண்டும்.

பத்திரிகையில் அச்சான ஒரு படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எல்லாம் புள்ளிகள்! புள்ளிகள் நெருங்கிய இடம் கருமை. விலகிய இடம் வெளிச்சம். ஸ்பிரே கன் செய்வதும் இதுதான். பெயிண்ட்டைப் பொடிப் பொடித் துளிகளாக உடைக்கிறது. சிவப்புத் துளிகள் நெருக்கமாக விழுந்த இடம் சிவப்பு. மஞ்சள் மேல் சிதறி விழுந்த இடம் செம்மஞ்சள். செம்மஞ்சள் என்று தனியாக ஒரு பெயிண்ட் வாங்க வேண்டியதில்லை. நம் கண்ணே கலந்துகொள்கிறது!

இன்னொன்றும் தெரிய வேண்டும். சாதாரணப் பெயிண்ட் சுண்ணாம்புத் தண்ணீர் போன்றது. அதில் தூள் மிதக்கிறது. அடித்தால் கீழே உள்ளது மறைந்துவிடும். சாயம் சர்க்கரைத் தண்ணீர் போன்றது. முழுதும் கரைந்துவிடும். அடித்தாலும் மர ரேகை தெரியும். நடுவுக்கும் இடைக்கும் லாக்கரில் கலந்த சாயம் வேண்டும். ஓரத்துக்கு மட்டும் கறுப்புப் பெயிண்ட் போட்டாலும் பரவாயில்லை.

அடிக்கும் முறை

1. உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்க வேண்டும். முதலில் 120-ம் எண், பிறகு 180, பிறகு 220, கடைசியில் 320. ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது. சாயம் பட்டதும் பல்லிளிக்கும்!

2. தூசியைத் துடைத்துவிட்டுச் சீலர் அடிக்க வேண்டும். மரத்தின் துளைகளை அது அடைக்கும். காய்ந்ததும் லேசாகத் தேய்க்க வேண்டும். துளை பெரிய மரமானால் இரண்டு மூன்று முறை.

3. முழு உடலுக்கும் மஞ்சள். மெல்லியதாக, பல தடவை.

4. இனிச் சிவப்பு. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கன்னின் வாய் எப்போதும் நடுவிலிருந்து வெளிப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் சிதறும் துளிகள் வெளியே போகும். உள்பக்கம் பார்த்து அடித்தால் மஞ்சள் முழுதும் சிவப்புப் பொடி படிந்துவிடும். காற்றழுத்தம் குறைவாக இருக்கட்டும். தூரம் 6 முதல் 8 அங்குலம். கையை நகர்த்தத் தொடங்கிய பிறகே விசையை அழுத்த வேண்டும். கையை நிறுத்துவதற்கு முன்பே விசையை விட வேண்டும். கை நின்று விசை நிற்காவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் ஒழுகும்.

5. கடைசியில் கறுப்பு அல்லது அடர் பழுப்பு. ஓரத்துக்கும் பக்கவாட்டுக்கும் மட்டும்.

6. அதன் மேல் நிறமில்லாத லாக்கர். ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். இப்படிச் சில நாட்கள்.

7. பிறகு மூன்று நான்கு வாரம் தொங்கவிட வேண்டும். தொட்டால் காய்ந்தது போல் இருக்கும். உள்ளே காய்ந்திருக்காது. பொறுத்தவர் பூமி ஆள்வார்!

8. கடைசியில் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். 800, 1000, 1500, 2000 என்று எண் ஏற வேண்டும். பிறகு ரப்பிங் காம்பவுண்ட். முகம் பார்க்கலாம்!

கை பழகாதவர்களுக்கு ஒரு உபாயம். சுங்குடிச் சேலையில் சிறு சிறு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைப்பார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. அதே போல், கிட்டார் உடலைவிடச் சிறியதாக ஓர் அட்டையை வெட்டி நடுவை மூடலாம். ஆனால் அட்டை மரத்தில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் கத்தி வெட்டியது போல் கோடு விழும். மஞ்சள் நன்றாகக் காய்ந்த பிறகு, அதன் மேல் சிறு கட்டைகளை வைத்து, அட்டையை ஓர் அங்குலமாவது உயர்த்தி வைக்க வேண்டும். அட்டைக்கு அடியில் கொஞ்சம் பொடி புகும். ஓரம் மென்மையாகக் கரையும்.

முதலில் அட்டை, பிறகு பலகை

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். முதல் முறை கிட்டார் மேல் அடிக்கக்கூடாது!

கடையில் சாமான் வந்த அட்டைப் பெட்டிகளை வாங்கி விரியுங்கள். கிட்டார் வடிவத்தை அதில் வரையுங்கள். பத்து அட்டைகள் அடியுங்கள். எந்தத் தூரத்தில் பொடி விழுகிறது, எப்போது ஒழுகுகிறது என்று கை தானே கற்றுக்கொள்ளும். அட்டை நன்றாக வந்த பிறகு, கிட்டார் அறுத்த அதே மரத்தின் துண்டில் அடியுங்கள். சீலர் முதல் கடைசி லாக்கர் வரை எல்லாம் அதில் நடக்கட்டும். ஏனென்றால் அட்டையில் தெரியும் மஞ்சள் வேறு, மரத்தில் தெரியும் மஞ்சள் வேறு. மூன்றாவதாகத்தான் கிட்டார். ஓர் அட்டைக்குச் செலவாகும் பெயிண்ட் கொஞ்சம்தான். கெட்டுப்போன கிட்டாரை மரம் வரை மீண்டும் தேய்க்க ஆகும் உழைப்பு கொஞ்சமல்ல.

அப்படியும் தவறினால்? ஒழுகல் விழுந்தால் உடனே துடைக்கக் கூடாது. துடைத்தால் கீழே உள்ள நிறமும் வரும். நன்றாகக் காயவிட்டு, மெல்லத் தேய்த்து, மேலே அடிக்கலாம். ஆரஞ்சுப் பழத் தோல் போல் மேடு பள்ளமாக வந்தால், பெயிண்ட்டில் தின்னர் போதவில்லை அல்லது கன் தூரம் அதிகம். தேய்க்கும்போது ஓரத்தில் நிறம் பிய்ந்து மரம் தெரிந்தால்தான் தலைவலி. அதைத் தேடி ஒட்டுவது கடினம். அப்போது முழுதும் ஒரே நிறமாக அடித்துவிடலாம். வெட்கப்பட வேண்டாம்! ஒரே நிறத்தில் வந்த பழைய ஃபெண்டர் கிட்டார்கள் சிலவற்றைச் சுரண்டிப் பார்த்தபோது, அடியில் சூரிய நிறம் இருந்தது உண்டு.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்

அடை மழைக் காலத்தில் லாக்கர் அடித்தால் மேற்பரப்பு பால் போல் வெளுத்துவிடும். காரணம் எளிது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. சில்லென்ற சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல், காற்றின் ஈரம் அங்கே படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தச்சு வேலை செய்யுங்கள். பெயிண்ட்டை மாசி, பங்குனிக்கு வையுங்கள். சித்திரை உச்சி வெயிலும் ஆகாது. துளி மரத்தைத் தொடும் முன்பே காய்ந்து மணல் போல் விழும். காலை வெயில் ஏறிய நேரம் நல்லது.

அம்மா கேட்கும் கேள்வி

"ஏம்ப்பா, இதை வீட்டுக்குள்ளயா அடிக்கப் போறே?" என்று அம்மா கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்!

வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அடுத்த அறையில் எரியும் காஸ் அடுப்போ, சாமி விளக்கோ போதும், தீ ஓடி வரும். ஓலைக் கொட்டகையும் ஆகாது. சாதாரண மின்விசிறியின் மோட்டார் பொறி விடும். அதை அருகில் வைக்கக் கூடாது. பீடி, சிகரெட் பேச்சே இல்லை. காற்றோட்டமான திறந்த வெளியில், அல்லது அதற்கென்று இடம் உள்ள பட்டறையில் அடிக்க வேண்டும்.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது! துணி தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும். ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை வேண்டும்.

கார்களுக்கு இப்போது அடிக்கும் பெயிண்ட்டில் ஒரு வகை உண்டு. இரண்டு டப்பாக்களில் வரும். ஒன்று பெயிண்ட், மற்றொன்று ஹார்டனர். பளபளப்பு அருமை. ஆனால் இத்தகைய ஹார்டனர்களில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கும். அந்தத் துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். கரி முகமூடியை நம்பி இதை வீட்டில் அடிக்கக் கூடாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகமூடி உள்ள பட்டறைக்காரர்களின் வேலை அது.

மீதி தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிடும். சாக்கடையிலும் கொட்டாதீர்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஸ்பிரே கன் வாங்க வசதி இல்லாதவர்கள் ஸ்பிரே டப்பாவைப் பயன்படுத்தலாம். தூரம் 10 முதல் 12 அங்குலம் வேண்டும். இதற்கும் முகமூடி வேண்டும், திறந்த வெளி வேண்டும். ஆவிக்கே பயப்படுபவர்களுக்கு இன்னொரு வழி: தண்ணீரில் கரையும் சாயத்தைத் துணியால் தொட்டு, நடுவில் மஞ்சள், ஓரத்தில் பழுப்பு என்று தேய்த்து, இரண்டும் சேரும் இடத்தை ஈரத் துணியால் கரைத்து விடலாம். மேலே அவலரக்கு பாலிஷ் போடலாம். நம் தச்சர்கள் தலைமுறையாகச் செய்து வரும் வேலை. ஸ்பிரிட் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்கு எட்டவே வைத்துக்கொள்ள வேண்டும். ஓரம் அவ்வளவு மென்மையாக வராது. ஆனால் கெட்ட பெயரும் வராது.

வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ "நானே கிட்டார் செய்து, நானே நிறமும் அடிக்கிறேன்" என்று சொன்னால், "உனக்கெதற்கு இந்த வேலை?" என்று தடுக்க வேண்டாம். பிரயன் மேயின் அப்பா தடுத்திருந்தால் அந்தக் கிட்டார் பிறந்திருக்காது. அவர் கூடவே உட்கார்ந்தார். நீங்களும் கூட உட்காருங்கள். கடைக்குப் போகும்போது முதலில் வாங்க வேண்டியது பெயிண்ட் அல்ல, முகமூடி. அடுத்து, மளிகைக் கடையில் பத்து அட்டைப் பெட்டிகள். பெயிண்ட்டுக்கு அவசரம் இல்லை.